தவிட்டுக்கு வந்த விட்டேக்கர்

உள்ளறையிலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. ஒரே அடி. சற்று இடைவெளி விட்டு மறுபடி ஒரே அடி. முன்னறையில் தையல் மெஷின் முன் உட்கார்ந்து வெள்ளை சாட்டின் துணியில் சுருக்கம் பிடித்துக்கொண்டிருந்த மரியசெல்வம், காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "மாமூலா ஒரு ஆணிக்கு நாலு அடி. இன்னைக்கு ஒத்த அடியில எறங்குது. செத்த நேரம் உள்ள போயிராதீக" என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

உள்ளே அடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி. பெயர் செபாஸ்தியம்மாள் விட்டேக்கர். திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் இருக்கும் 'விட்டேக்கர் சவப்பெட்டி நிலைய'த்தின் முதலாளி, தச்சர், பெயின்டர் எல்லாம் அவரே. பெட்டிக்குள் விரிக்கும் துணியைக் கணவர் தைப்பார். கோபப்படும் வேலை முழுவதும் மனைவியுடையது. காலையில் பேப்பர் படிக்க நான் அங்கே போய் உட்காருவது பல வருடப் பழக்கம். பெட்டிகளுக்கு நடுவே உட்கார முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது பேப்பரில் வரும் செய்திகளைவிடப் பெட்டிகள் தேவலை என்று தோன்றுகிறது.

செபாஸ்தியம்மாளுக்கு அறுபதைத் தாண்டிய உடம்பு. அடுப்புக்கட்டியைப் போல் கறுத்த, உரமான கைகள். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் பலகையைத் தொடுவார். வேலை நேரத்தில் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொள்வது அவருடைய வழக்கம். ஐந்தாறு ஆணித் தலைகள் வாயோரம் வரிசையாக மின்னும். "வாயில ஆணி இருக்கற வரைக்கும் ஊருக்கு நல்லது" என்பார் மரியசெல்வம்.

துக்க வீட்டிலிருந்து ஆள் வந்தால் மற்றக் கடைகளில் முதலில் உயரம் கேட்பார்கள். செபாஸ்தியம்மாள் பெயரைக் கேட்பார். "பலகைய நான் செத்த நேரத்துல கோத்துருவேன். பேரு காயணும்ல" என்பது அவர் சொல்லும் காரணம். மூடியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் எழுத்துகள் அவருக்குப் பிடிக்காது. எனாமல் பெயின்டில் தன் கையாலேயே எழுதுவார். ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் மகன்கள் வந்து, அப்பாவின் பெயருக்குக் கீழே தங்கள் பெயர்களையும் படிப்புகளையும் எழுதச் சொன்னார்கள். செபாஸ்தியம்மாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள படுக்கப்போறது அவரா, நீங்களா?" என்று கேட்டார். அவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டார்.

வியாழக்கிழமைகளில் அய்யலூர்ப் பக்கத்து ஆர்டர் வந்தால், சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிற வண்டியிலேயே பெட்டியையும் ஏற்றிவிடுவார். ஆடுகள் பெட்டிமேல் கால் வைக்காதபடி ஓட்டுநரிடம் சத்தியம் வாங்கிக்கொள்வார். எல்லா அளவிலும் இரண்டு பெட்டிகள் தயாராக நிற்கும், குழந்தைகளுக்கானது மட்டும் நிற்காது. கேட்டு வந்தால் அந்த நேரத்தில்தான் செய்வார். ஒரு வியாபாரி, "சின்ன சைஸ் ஒண்ணு ரெண்டு முன்கூட்டியே செஞ்சு வச்சா என்ன?" என்று கேட்டுவிட்டான். அவனை அவர் திட்டிய திட்டில் எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடையில் பாலைப் பொங்க விட்டுவிட்டார்கள்.

ஆனால் அவருடைய கோபத்தில் பெரும் பங்கு அந்தப் பெயருக்குத்தான் போகும். பேங்கில் கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வருகிற பெண் கேட்பாள்: விட்டேக்கரா? அப்படியென்றால் ஆங்கிலோ இந்தியரா? கேட்டுவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். எங்காவது ஒரு வெளிர் நிறம், ஒரு பூனைக்கண், ஒரு செம்பட்டை மயிர் கிடைக்காதா என்று தேடுவார்கள். ஒன்றும் கிடைக்காமல் போனதும் வருகிற அந்தக் கள்ளச் சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை நாலு தலைமுறைப் பெண்கள் சுமந்திருக்கிறார்கள். செபாஸ்தியம்மாள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "ஆங்கிலோ இந்தியன் இல்ல. தவிட்டு இந்தியன். எழுதிக்கங்க."

சின்ன வயதில் நம்மில் யாரைத்தான் 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று சொல்லி அழ வைக்கவில்லை? நமக்கெல்லாம் அது கேலி. அவருடைய தாத்தா சூசைக்கு அது பிறந்த கதை.

சூசையைப் பெற்றவள் அருளாயி. நாலு பிள்ளைகள் பிறந்து நாலும் தங்கவில்லை. ஐந்தாவது சூசை. அருளாயியின் கணவன் செம்பட்டி ரோட்டில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு தோல் கிட்டங்கியில் சுமை தூக்கினான். அங்கே மேற்பார்வைக்கு இருந்த வெள்ளைக்காரர்தான் விட்டேக்கர் துரை. வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்ததைக் காப்பாற்ற நம் ஊர்களில் ஒரு வழி இருந்தது. பிள்ளையை முறத்தில் கிடத்தி எடுத்துப் போய், வேறொரு வீட்டில் ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தவிட்டைக் கொடுத்து வாங்கியவர் மறு நிமிடமே, 'இது என் பிள்ளை, நீ வளர்த்துக் கொடு' என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். பிள்ளைக்கு வாங்கியவருடைய பெயரை வைப்பார்கள், அல்லது பிச்சை, குப்பை என்று கழித்துப்போட்ட பெயர் ஒன்றை வைப்பார்கள். எமன் தேடி வந்தால் அந்த வீட்டில் அந்த வீட்டுப் பிள்ளை இருக்காது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பங்களும் இதைச் செய்தன. மாதாவிடம் மன்றாடுவது ஒரு பக்கம், எமனை ஏமாற்றுவது ஒரு பக்கம்.

அருளாயி செய்த ஒரே தவறு, விவரம் தெரியாத மனிதரிடம் கொண்டுபோய் விற்றதுதான். "எமன் நம்மூர்க்காரன், துரை பங்களாவுக்குள்ள நுழைய அவனுக்குக் கால் வராதுன்னு எங்க பூட்டி கணக்குப் போட்டிருக்கா" என்பார் செபாஸ்தியம்மாள். பங்களா வாசலில் முறத்தை வைத்துவிட்டு அவள் நின்றாளாம். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. குதிரைக்காரனுக்குப் புரிந்துவிட்டது. அவன் குதிரைக்கு வைத்திருந்த தவிட்டிலிருந்து ஒரு படி அளந்து துரை கையில் கொடுத்து, அதை அருளாயியின் முந்தானையில் போடச் சொன்னான். துரை சிரித்துக்கொண்டே போட்டார். குதிரைக்காரன் சொல்லிக் கொடுத்தபடி பிள்ளையைத் தொட்டு, திருப்பியும் கொடுத்தார். அவ்வளவுதான் வியாபாரம். ஞானஸ்நானத்தின்போது இந்தப் பெயரா என்று சாமியார் தயங்கியிருக்கிறார். "வித்த பிள்ளைக்கு வாங்குனவுக பேருதான சாமி" என்று அருளாயி பிடிவாதமாக நின்றிருக்கிறாள். சூசை விட்டேக்கர் என்று எழுதப்பட்டது. பிள்ளை பிழைத்தது. பிழைத்து, தச்சு வேலை படித்து, மரியராஜைப் பெற்றது. மரியராஜ் செபாஸ்தியம்மாளைப் பெற்றார். துரையோ அடுத்த ஒன்றிரண்டு வருடங்களிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பியவர் தன் வீட்டில் ஒரு கதை சொல்லியிருக்கிறார், இந்தியாவில் ஒரு படி தவிட்டுக்கு ஒரு குழந்தையை வாங்கினேன் என்று. அவருடைய பேரன் பேத்திகளின் வாயில் அது வளர்ந்தது. பஞ்சம் வந்தது, பட்டினி வந்தது, பெற்ற பிள்ளையையே விற்கிற ஒரு தாய் வந்தாள், துரை அந்தப் பிள்ளைக்கு உணவும் உடையும் பள்ளிக்கூடமும் கொடுத்தார். வாங்கியது மட்டும் கப்பலேறிப் போனது. திருப்பிக் கொடுத்தது திண்டுக்கல்லிலேயே நின்றுவிட்டது.

நூறு வருடத்துக்கு மேல் பிரிந்து கிடந்த இந்த இரண்டு கதைகளையும் ஒன்றுசேர்த்தவர் ஆனந்த்ராஜ். செபாஸ்தியம்மாளின் சின்னப்பா மகன், வயதில் பத்து குறைவு. நகரத்துக்கு வெளியே ஒரு தனியார் பள்ளி நடத்துகிறார். பள்ளியின் பெயர் விட்டேக்கர் மெட்ரிகுலேஷன். அக்காவுக்குத் தலைவலியாக இருக்கிற பெயர் தம்பிக்கு மூலதனம். இன்டர்நெட்டில் தேடி, அந்தக் குடும்பப் பெயரின் பூர்வீகத்தை அவர் கரைத்துக் குடித்திருந்தார். இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் என்ற பகுதியில் அந்தப் பெயர் எத்தனையோ நூறு வருடங்களாக இருக்கிறதாம். 'வெள்ளை வயல்' என்று சிலரும் 'கோதுமை வயல்' என்று சிலரும் பொருள் சொல்கிறார்களாம். அந்தப் பெயருக்குரியது என்று ஏதோ ஒரு வெப்சைட்டில் விற்ற கேடயச் சின்னத்தையும் வாங்கிவிட்டார். கேடயத்தின் மேல் ஒரு குதிரை. கீரனூரிலிருந்தும் செம்பட்டியிலிருந்தும் வேனில் வருகிற பிள்ளைகள் அந்தக் குதிரையைச் சட்டைப்பையில் தைத்துக்கொண்டு அலைகிறார்கள். இதையெல்லாம் அவர் முதன்முதலில் வந்து விளக்கியபோது செபாஸ்தியம்மாள் பலகையை இழைத்துக்கொண்டே கேட்டார். "கோதுமை வயலோ வெள்ளை வயலோ, நமக்கு அது ஒரு படி தவிடுலே" என்றார். தம்பி அந்த அளவோடு விட்டிருந்தால் கோபம் சுத்தியலுக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

பள்ளியின் பெயரை எங்கோ பார்த்துவிட்டு, துரையின் வம்சத்தில் வந்த ஓர் அம்மாள் இங்கிலாந்திலிருந்து எழுதினார். போன ஜனவரியில் நேரிலும் வந்தார். செய்தி தெரிந்ததும் செபாஸ்தியம்மாள் செய்த காரியத்தை நான் பார்த்தேன். கடையைக் கழுவினார். பெட்டிகளை ஓரமாகச் சாய்த்து அவற்றின் மேல் வெள்ளைத் துணி போர்த்தினார். நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார், வெஞ்சனம் மூன்று வகை செய்தார், காரம் குறைத்து. "நம்ம சூசை தாத்தா பொழைக்க தவிடு போட்ட கையோட வம்சம்லா" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் போயிற்று. சாயங்காலமும் போயிற்று. அந்த அம்மாள் பள்ளியைப் பார்த்து, பிள்ளைகளின் பாட்டைக் கேட்டு, மதுரைக்குக் கார் ஏறிவிட்டார். தெரு குறுகல், கார் வராது என்று ஆனந்த்ராஜ் போனில் சொன்னார். அக்கா சவப்பெட்டி செய்கிறாள் என்பதை அவர் அந்த விருந்தாளியிடம் சொல்லவேயில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆறிப்போன அந்தக் கோழிக் குழம்பை எடுத்துக் கீழே கொட்டாமல், தெருவில் எல்லா வீட்டுக்கும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார் செபாஸ்தியம்மாள். எங்கள் வீட்டுக்கும் வந்தது.

நான் சொல்லிக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் கேட்ட அன்று காலை, ஆனந்த்ராஜ் போன் செய்திருந்தார். பங்குக் கோவில் சுவரில் பதிக்க ஒரு கல் தயாராகிவிட்டது. இங்கிலாந்துக் குடும்பம் கோவில் மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தருகிறது, அதற்கு நன்றியாக இந்தக் கல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திறப்பு. குடும்பத்தில் மூத்தவர் திரையை விலக்கினால்தான் கல் சுவரேறும் என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூத்தவர் செபாஸ்தியம்மாள். கல்லைக் காட்டிவிட்டுப் போகவே ஆனந்த்ராஜ் வருகிறார்.

வந்தார். முறுக்கிய மீசை, பாக்கெட்டில் தங்க நிறப் பேனா. ஜனவரியில் நுழைய முடியாத தெருவுக்குள் அன்றைக்குக் கார் நன்றாகவே நுழைந்தது. டிரைவரும் அவருமாகப் போர்வையில் சுற்றிய கருங்கல்லைத் தூக்கி வந்து, பெட்டிகளை வைத்துப் பெயின்ட் அடிக்கும் பெஞ்சின் மேல் இறக்கினார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனான். "அத்தான், சௌக்கியமா?" என்று ஆனந்த்ராஜ் மரியசெல்வத்தைக் கேட்டார். எனக்கு ஒரு வணக்கம். சுத்தியல் சத்தம் நின்றது. செபாஸ்தியம்மாள் உள்ளறையிலிருந்து வந்து நின்றார். வாயில் ஆணிகள்.

ஆனந்த்ராஜ் போர்வையை விலக்கினார். மேலே ஆங்கிலம், கீழே தமிழ், உச்சியில் குதிரைக் கேடயம். தமிழை அவர் பள்ளி விழாவில் படிப்பதுபோல் படித்தார். 'பசியின் கொடுமையால் பெற்ற தாயே ஒரு படி தவிட்டுக்கு விற்ற பச்சிளம் குழந்தையை வாங்கி, வாழ்வும் பெயரும் தந்த வள்ளல் விட்டேக்கர் துரை நினைவாக.' கீழே இரண்டு நாட்டுக் குடும்பத்தாரும் அன்புடன் வைத்தது என்று இருந்தது.

செபாஸ்தியம்மாள் ஆணிகளை உதட்டிலிருந்து எடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். ஒவ்வொன்றும் கல்லில் பட்டுச் சத்தம் போட்டது. மரியசெல்வம் மெஷினை நிறுத்திவிட்டார்.

"அருளாயி பேரு எங்க?"

"பேரு போடலக்கா. 'தாய்'னு இருக்குல்ல."

"வித்தவன்னு இருக்கு. அய்யலூர்ச் சந்தையில ஆடு வித்தவனைக்கூட இன்னாருன்னு கேப்பாங்கலே. இவளுக்கு அதுகூட இல்ல."

ஆனந்த்ராஜ் பொறுமையாகப் பேச ஆரம்பித்தார். பேசத் தெரிந்தவர். பசி ஒன்றும் கேவலம் இல்லை என்றார். அந்தக் காலத்துப் பஞ்சம் புத்தகங்களிலேயே இருக்கிறது என்றார். இந்தக் கதையைச் சொன்னபோது அந்த இங்கிலாந்து அம்மாள் கண் கலங்கியதைத் தானே பார்த்ததாகச் சொன்னார். மழை பெய்தால் மண்டபத்தில் கல்யாண விருந்து நடத்த முடிகிறதா, நம் பிள்ளைகளுக்குத்தானே கூரை என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிட வேலை, கயிற்றை இழுத்தால் திரை விலகிவிடும், அக்கா பேசக்கூட வேண்டியதில்லை.

அக்கா பேசக்கூட வேண்டியதில்லை! அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கே உடம்பு எரிந்தது. நாலு குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தாவதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளக்கூடப் பயந்து, முறத்தில் வைத்து ஏந்திக்கொண்டு, அந்நியன் வாசலில் போய் நின்ற ஒரு தாய். வயிற்றில் சுமந்ததைத் தன்னுடையது இல்லை என்று உலகத்துக்கு முன்னால் சொல்ல அவள் நாக்கு எப்படித் துடித்திருக்கும். அவள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் முழங்காலிடுகிற கோவிலில், அவளை விற்றவள் என்று கல்லில் வெட்டி வைக்கப் போகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பார்த்துக்கொண்டே இவர்கள் பூசையில் நன்மை அப்பம் வாங்க வேண்டும்.

செபாஸ்தியம்மாள் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் இறங்கியது. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு வருசமா அவுககூடப் பேசுற. துரை அப்பவே பிள்ளையத் திருப்பிக் குடுத்துட்டாருங்கறத ஒரு நாளாச்சும் சொன்னியா?"

ஆனந்த்ராஜ் கல்லின் ஓரத்தைத் துடைத்தார். அங்கே தூசி ஒன்றும் இல்லை.

"சொன்னா அவங்களுக்குப் புரியாதுக்கா. வித்தாங்க, ஒடனே திருப்பி வாங்கிக்கிட்டாங்கன்னா வெளையாட்டு மாதிரி இருக்கும். அப்பறம் அவங்க தாத்தா காப்பாத்துனதா ஆகாதுல்ல."

"ஆகாது."

"ஆகாதுன்னா இந்தக் கூரையும் ஆகாதுக்கா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. மரியசெல்வம் தலை குனிந்துகொண்டார். செபாஸ்தியம்மாள் பெஞ்சைச் சுற்றி வந்து தம்பிக்கு நேர் எதிரே நின்றார்.

"ஏலே, ஒனக்கு முன்னால ஒங்கம்மாவுக்கு ரெண்டு பிள்ளை போச்சு. தெரியும்ல?"

"தெரியும்."

"ஒன்னச் சொளகுல வச்சுப் பேகம்பூருக்குத் தூக்கிட்டுப் போனது யாரு? நானு. பாவாடை கட்டுன வயசு. ஒங்கம்மா பின்னாலயே வந்தா, அழக் கூடாதுன்னு வாயில முந்தானைய வச்சு அடச்சுக்கிட்டு. அஜீஸுன்னிசா பெரியம்மா படி நெறயத் தவிடு அளந்து போட்டாக. ஒன்ன வாங்கி மடியில வச்சு, நெத்தியில முத்தம் குடுத்து, இது என் பிள்ள, நீ வளத்துக் குடு தாயின்னு ஒங்கம்மா கையில குடுத்தாக. பள்ளிக்கூடத்துல சேக்கற வரைக்கும் ஒனக்கு அஜீஸுன்னுதான பேரு. நோம்புப் பெருநாளுக்குத் தவறாம ஒனக்குச் சட்டை வரும்ல அந்த வீட்ல இருந்து."

ஊரில் பெரிய பள்ளி நடத்துகிற மனிதரின் முகம் என் கண் முன்னாலேயே சிறு பிள்ளை முகமாக மாறிக்கொண்டிருந்தது.

"சொல்லுலே. ஒங்கம்மா ஒன்ன வித்தாளா?"

ஆனந்த்ராஜ் கல்லின் மேல் இருந்த ஆணி ஒன்றைத் தொட்டு நகர்த்தினார்.

"அது வேறக்கா" என்றார் கடைசியில், அவருக்கே கேட்காத குரலில்.

"என்ன வேற? வாங்குனவுக வெள்ளையா இல்ல, அதான வேற. அப்ப அஜீஸா பெரியம்மாவுக்கும் ஒரு கல்லு வெட்டு. தாய் வித்த பிள்ளயக் காப்பாத்துன மகராசின்னு. கோவில்ல வேண்டாம். கல்லறைத் தோட்டத்துல, ஒங்கம்மா தலைமாட்டுல வையி. அவ படுத்துக்கிட்டே படிக்கட்டும்."

மரியசெல்வம், "ஏ புள்ள, போதும்" என்றார்.

"போதாது" என்றார் செபாஸ்தியம்மாள். ஆனால் அதற்கு மேல் பேசவில்லை. ஆனந்த்ராஜின் அம்மாவுக்குப் பெட்டி செய்தவர் அவர்தான். மூடியில் பெயர் எழுதியதும் அவர்தான். அன்று பெயின்ட் காயும்வரை ஆனந்த்ராஜ் இந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் நின்று அழுதார். இப்போது அழவில்லை. கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். போர்வையை இழுத்துக் கல்லை மூடினார். ஆணிகள் இன்னும் அதன் மேலேயே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. வேண்டுமானால் வேறு ஆளை வைத்துத் திரையை விலக்குவேன் என்றும் சொல்லவில்லை. அப்படிச் செய்தால், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நின்று, படிக்கிறவர்களுக்கெல்லாம் கதையின் மறு பாதியைச் சொல்லக்கூடியவள் தன் அக்கா என்பது அவருக்குத் தெரியும்.

கல்லைத் தூக்கப் பார்த்தார். ஒரு முனை எழும்பியது, மறு முனை அசையவில்லை. டிரைவரைக் காணோம். மரியசெல்வம் எழுந்தார். "நீ உக்காரு" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, செபாஸ்தியம்மாள் ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கல்லின் மறு முனையைப் பிடித்தார்.

"முட்டிய மடக்கித் தூக்கு. இடுப்பு புடிச்சுக்கிரும்."

இருவருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் தம்பி பின்பக்கமாக நடந்தார், பின்னால் அக்கா. வாசல்படியில், "பாத்து, ஒரு படி" என்று அக்காள் சொன்னது எனக்குக் கேட்டது. காரின் பின் சீட்டில் கல்லைக் கிடத்தும்போது, எழுத்து கீழே போகும்படி செபாஸ்தியம்மாள் அதைக் கவிழ்த்துப் போட்டார். ஆனந்த்ராஜ் தடுக்கவில்லை. ஹாரன் அடித்ததும் டிரைவர் ஓடி வந்தான்.

ஆனந்த்ராஜ் காரில் ஏறவில்லை. வாசல்வரை திரும்பி வந்து நின்றார்.

"நான் அவங்ககிட்ட என்னன்னுக்கா சொல்ல?"

செபாஸ்தியம்மாள் ஏற்கனவே உள்ளே வந்து கதவைப் பிடித்திருந்தார். கோபம் தணிந்த முகம் இல்லை அது.

"பிள்ள பொழச்சுக்கிச்சுன்னு சொல்லு. பெத்தவளே வளத்தான்னு சொல்லு."

அவர் தலையாட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் பின்னால் போகிற சத்தமும் கேட்டது. செபாஸ்தியம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். போட்டது சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.